மரபியலின் அறிவுப் பகுப்பும் உணர்வுடைமை பற்றிய வினாவும்

தொல்காப்பிய மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்துரைக்கும் நூற்பாக்கள், அந்நூலை முறையாகப் பயின்றோரேயன்றிப் பயிலாதோரும் அறிந்த பகுதியாகும். அவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கூற்றுக்களை முன்வைக்கின்றனர். இக்கால உயிரியல் கண்டவற்றை ஆசிரியர் முன்னரே கண்டார் என்பது ஒன்று. எவ்வெப் பொருள் உணர்வுடையது, எது உணர்வற்றது என்னும் மெய்யியல் வினாவுக்கு அவர் விடை கூறிவிட்டார் என்பது மற்றொன்று. முதற் கூற்றினைச் சுருங்க நோக்கி, இரண்டாவதனை விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

மரபியல் கூறுவது இது: மெய்யால் உற்றறிதல் முதலாவது, அதனொடு நா, மூக்கு, கண், செவி, மனம் என்பன ஒன்றன்பின் ஒன்றாகச் சேர அறிவு மிகும். புல்லும் மரமும் ஓரறிவின, நந்தும் முரளும் ஈரறிவின, சிதலும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின, மாவும் மாக்களும் ஐயறிவின, மக்கள் ஆறறிவினர். ஒவ்வொரு வகையிலும் அக்கிளையிற் பிறந்தன பிறவும் உள எனக் கூறி, பட்டியல் முற்றுப்பெறாதது என்பதனையும் ஆசிரியர் உணர்த்துகின்றார். இப்பகுப்பு தமக்கு முன்னிருந்த, நுணுகி உணர்ந்தோர் நெறிப்படுத்தியது என்றும் அவர் குறிக்கின்றார்.

இதனை உயிரியலாக வைத்துப் போற்றுதல் ஆசிரியர்க்கு நன்மை செய்வதாகாது. நிலநத்தையின் கொம்பு நுனியில் கண் உண்டு. அதற்கு மணமறியும் ஆற்றலும் உண்டு. எறும்பினங்கள் பலவற்றிற்குக் கண்கள் உள. சிள்வண்டுக்குச் செவி முன்னங்காலில் அமைந்துள்ளது. இவற்றை உயிரியலார் எடுத்துக்காட்டின், ஈரறிவு மூவறிவு என்னும் எண்ணிக்கை நிலைபெறாது. ஓரறிவுக்குச் சான்றாகத் தொட்டாற்சுருங்கியைக் காட்டுவாரும் உளர். இன்று நாம் அப்பெயரால் வழங்கும் செடி அமெரிக்க நிலத்திலிருந்து வந்தது என்பதனை அவர் எண்ணுவதில்லை. உரைமரபு இவ்விடர்ப்பாட்டினை ஒருவாறு அறிந்தே இருந்தது. நண்டிற்கு மூக்கு உண்டோ என்னும் வினாவை அது தானே எழுப்பிக்கொண்டு, ஆசிரியர் கூறலான் உண்டு என்பது பெற்றாம் என அமைகின்றது. நண்டினை நோக்கி இவ்விடை பிறக்கவில்லை. நூலை நோக்கிப் பிறந்தது. நண்டு தன் சிறுவுணர்கொம்புகளால் மணமறிகின்றது என இன்று தெளிவாதலின் விடை பொருந்திற்று என்பது வேறு. விடை பொருந்துதலும் வழி பொருந்துதலும் ஒன்றல்ல.

இனி, நம் வினாவுக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டில் தாமசு நேகல் என்னும் அமெரிக்க மெய்யியலார், வெளவாலாக இருத்தல் வெளவாலுக்கு எத்தகையது என்னும் வினாவை எழுப்பினார். வெளவால் எழுப்பும் ஒலியும், அது மீண்டு வரும் எதிரொலியும், அவற்றை ஏற்கும் செவியின் அமைப்பும் யாவும் அளந்தறியத் தக்கன. ஆயினும் அவ்வொலியுலகம் வெளவாலின் உள்ளே எங்ஙனம் தோன்றுகின்றது என்பதனை அவ்வளவைகள் கூறா. 1995-இல் தேவிட் சால்மர்சு இதனையே வேறொரு முகத்தான் கூறினார். மூளை செய்யும் தொழில்களை விளக்குதல் அரிதாயினும் இயல்வது. அத்தொழில்களோடு உள்ளனுபவம் ஏன் உடன் நிகழ்கின்றது என்பதே கடினமான வினா என்றார். இவ்விருவர் வினாவையும் மரபியலின்முன் வைப்பின் யாது நிகழும்?

இங்கு நூற்பாவின் சொல்லமைப்பு நம் கவனத்திற்குரியது. அறிவினை எண்ணுமிடத்து வரும் ‘அறிவது’ என்னும் சொல்லினை அறியும் பொருளைக் குறிக்கும் வினையாலணையும் பெயராகவும் கொள்ளலாம். அறிதல் என்னும் தொழிற்பெயராகவும் கொள்ளலாம். முன்னதாயின், அறியும் ஒருபொருள் முதற்கண் வைக்கப்பட்டு, அது எவ்வெவற்றால் அறிகின்றது என்பது பின் கூறப்படுகின்றது. பின்னதாயின், அறிதல் நிகழ்ச்சிகள் எத்துணை என்பதே கூறப்படுகின்றது. அறிபவர் யார் என்பது பேசப்படவேயில்லை. முதல் அறிவினைக் கூறுங்கால் உற்றறிதல் எனத் தொழிலைக் கூறிய ஆசிரியர், அடுத்த ஐந்தினையும் கூறுங்கால் நாவு, மூக்கு, கண், செவி, மனம் எனக் கருவியின் பெயரையே கூறிச் செல்கின்றார். கருவியின் பெயரே அறிவின் பெயராக நின்றது. மனமும் நாவினோடு ஒருங்கு எண்ணப்பட்டது. ஆதலின் மரபியல் எண்ணுவது வாயில்களை. வாயிலின் உள்ளே இருப்போனை அன்று என யாம் கொள்கின்றோம்.

இக்கொள்கை ஒரு சிறு சோதனையால் விளங்கும். இன்று பலர் கையில் வைத்திருக்கும் கைப்பேசி, தொடுதலை உணர்ந்து ஏவல் செய்கின்றது, உருவினைப் பதிகின்றது, ஒலியினை ஏற்கின்றது. வாயில்களை மட்டும் எண்ணின் அதற்கு மூன்று அறிவு கூறல் வேண்டும். எறும்போடு அது ஓரினமாகும். இதனை ஒருவரும் ஒப்பார். ஒப்பாமைக்குக் காரணம், மரபியல் இப்பகுப்பினை உயிர்களுக்குள் செய்கின்றதேயன்றிப் பொருள்கள் எல்லாவற்றிற்கும் செய்யவில்லை என்பதே. உயிர் உண்டு என்பதனை முன்னரே கொண்டு, அதன்பின் அறிவு எண்ணப்படுகின்றது. எனவே, நாம் விடை தேடும் வினா மரபியலில் விடுக்கப்படவில்லை. ‘உயிர்’ என்னும் சொல்லுக்குள் அடைக்கப்பட்டு நிற்கின்றது.

சமண நூல்களோடு ஒப்பிடின் இது மேலும் தெளிவாகும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வொரு பொறி மிகுமாறு உயிர்களை நிரல்படுத்துகின்றது. பொறிகளின் வரிசையும் மரபியலின் வரிசையே. இவ்வொற்றுமை கொண்டு வையாபுரிப்பிள்ளை அவர்கள் தொல்காப்பியரைச் சமணர் எனத் துணிந்ததும், பலர் அதனை மறுத்ததும் அறிஞர் அறிந்தவை. அவ்வழக்கினுள் யாம் புகவில்லை. வேற்றுமையே ஈண்டு வேண்டுவது. சமணர் நிலம், நீர், தீ, காற்று என்பவற்றையும் ஓரறிவுடைய உயிர்களாகக் கொள்வர். மரபியல் புல்லையும் மரத்தையுமே பெயர் கூறுகின்றது. சமணர் மனத்தினை ஐம்பொறிகளோடு சேர்த்து ஆறாவதாக எண்ணார். எல்லாவற்றிற்கும் மேலாக, உணர்தலே உயிரின் இலக்கணம் என அவர் முதற்கண் வரையறுத்துவிட்டுப் பின்னரே பொறிகளை எண்ணுவர். வாயில் ஒன்றாயினும் ஐந்தாயினும் உள்ளிருக்கும் உயிரின் இயல்பு அவர்க்கு ஒன்றே. மரபியலில் அவ்வரையறை இல்லை. இலக்கண நூலில் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று.

இலக்கண நூல் வேறொன்றைச் செய்கின்றது. கிளவியாக்கத்தின் தொடக்கத்தில் உலகப்பொருள் யாவும் உயர்திணை அஃறிணை என இரண்டாகவே பகுக்கப்படுகின்றன. மக்கள் ஒருபால், கல்லும் யானையும் மற்றொருபால். மரபியலிலோ ஆறு படிகள். யானை மக்களுக்கு அடுத்த படியில் நிற்கின்றது. கல்லுக்குப் படியே இல்லை. ஒரே நூலினுள் இருவகைப் பகுப்பும் அமைந்துள்ளமை எண்ணத்தக்கது. இன்னும் வியப்பிற்குரியது ஒன்றுண்டு. உயர்திணைப் பொருள்பற்றி வரினும் அஃறிணை முடிபே கொள்ளும் சொற்களைக் கிளவியாக்கம் தொகுத்துரைக்கின்றது. காலம், உலகம் என்பவற்றோடு ‘உயிர்’ என்பதும் அத்தொகுதியுள் ஒன்று. அவன் வந்தான் என்கின்றோம். அவன் உயிர் போயிற்று என்கின்றோம். அறிபவன் என்று நாம் எதனைத் தேடுகின்றோமோ அதனைத் தமிழ் ‘அது’ என்றே சுட்டும். இதிலிருந்து மெய்யியல் எதனையும் பிழிந்தெடுக்க யாம் விரும்பவில்லை. சொல்லின் முடிபுகொண்டு பொருளின் உணர்வுடைமையைத் துணிதல் கூடாது என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கையாக அமையும்.

மாக்கள் என்னும் சொல்லும் இடர் விளைப்பதே. மனவுணர்வு குறைந்த மனிதரை மாவோடு சேர்த்து ஐயறிவில் வைத்தல், பகுப்பினை இயற்கை வருணனையிலிருந்து மதிப்பீடாக மாற்றிவிடுகின்றது. அதற்கு எதிராக, விலங்குகளுள் ஒரு சாரனவும் ஆறறிவுடையன எனக் கூறும் நூற்பா ஒன்று பதிப்புக்கள் சிலவற்றுள் காணப்படுகின்றது. கிளியும் குரங்கும் யானையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும். ஆக, ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட வரம்பு இருபுறமும் கடக்கப்படுகின்றது. நியூயார்க்கு நகரத்துப் பிராங்சு விலங்குக் காட்சிச்சாலையில் ஆசிய யானைகள் மூன்றின் முன் பெருங்கண்ணாடி வைத்துச் சோதித்தனர். அவற்றுள் ஏப்பி என்னும் யானை தன் தலையில் இடப்பெற்ற குறியினைக் கண்ணாடியிற் கண்டு, துதிக்கையால் தன் தலையையே தொட்டது. அவ்யானையினை விடுவிக்கக் கோரிய வழக்கில், 2022-ஆம் ஆண்டு நியூயார்க்கு மாநிலத்தின் உயர்நிலை முறையீட்டு மன்றம், ஆட்கொணர்வு உரிமைக்கு உரிய ஆள் அன்று யானை என ஐவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. தன்னை அறியும் எனச் சோதனை கூறிற்று. ஆள் அன்று எனச் சட்டம் கூறிற்று. மரபியலின் ஒருசார் நூற்பாவும் கிளவியாக்கத்தின் திணைப் பகுப்பும் இவ்விருவர் வாயிலாகவும் பேசினாற்போல உள்ளது.

வாயிலின் உள்ளே நோக்க முயன்ற நூல்களைக் காண மணிமேகலைக்கும் மெய்கண்டார்க்கும் செல்லல் வேண்டும். சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடிய வழிக் களிப்புப் பிறப்பதுபோலப் பூதங்கள் கூடிய வழி உணர்வு பிறக்கும் என்கின்றான். அவை பிரியின், பறையின் ஓசைபோல உணர்வு கெடும் என்கின்றான். இவ்வளவில் நின்றிருப்பின் இது எளிய பூதவாதமே. ஆனால் அவன் மேலும் ஒன்று கூறுகின்றான். உயிரோடு கூடிய உணர்வுடைப் பூதம், உயிரில்லாத உணர்வற்ற பூதம் எனப் பூதம் இருவகைப்படும். அவ்வவை அவ்வப் பூதவழியே பிறக்கும் என்பது அவன் கூற்று. இவ்விடத்தை ஆராய்ச்சியாளர் பலரும் விரைந்து கடந்து செல்கின்றனர். களிப்பின் உவமை, உணர்வற்றவற்றின் சேர்க்கையால் உணர்வு புதிதாகத் தோன்றும் என்கின்றது. இருவகைப் பூதமோ, உணர்வு முதலிலேயே உணர்வுடையதன் வழியது என்கின்றது. இரண்டும் ஒருங்கு நில்லா. உணர்வற்றதிலிருந்து உணர்வு எங்ஙனம் பிறக்கும் என வினவுவார்க்கு அஞ்சியே பூதவாதி இரண்டாவதனைக் கூறினான் போலும். இன்றைய மேலைநாட்டு மெய்யியலாருள் ஒரு சாரார், அணுவளவிலேயே உணர்வின் கூறு உண்டு எனக் கொள்வதும் இவ்வச்சம்பற்றியே. சாத்தனார் மாற்றார் கொள்கையை எடுத்துரைக்குமிடத்தும் அதன் உள்ளிடர் புலப்படுமாறு உரைத்தார் என்பது அவர் நேர்மைக்குச் சான்று.

பூதவாதிக்கு மணிமேகலை கூறும் விடை இதனினும் ஆழமானது. காட்சியன்றி வேறு அளவை இல்லை என்ற அவனை நோக்கி, உன் தாய்தந்தையரை அனுமானத்தாலன்றி எங்ஙனம் அறிந்தாய் என வினவுகின்றாள். உரைகாரர் இதனை அளவை பற்றிய வாதமாகவே கொள்வர். யாம் இதனைச் சிறிது நீட்டிக் காணலாம் எனக் கருதுகின்றோம். பிறர் உள்ளத்தில் உணர்வு உண்டு என்பதும் காட்சியாற் பெறப்படுவதன்று. எதிர்நிற்பவன் முகத்தையும் சொல்லையும் காண்கின்றோம். அவன் வலியினைக் காண்பதில்லை. காட்சி ஒன்றே அளவை எனின் தன்னையன்றிப் பிறரை உணர்வுடையார் எனக் கூறவும் பூதவாதிக்கு உரிமை இல்லை. அவன் அப்போது எதிரே காண்பது ஒரு மாதவன் வடிவம். அவ்வடிவினுள் இருந்து வினவுபவள் மணிமேகலை. காட்சியை நம்பினான் முன்னர்க் காட்சியே பொய்த்து நிற்றலைக் காதை வாய்விட்டு உரையாது விடுகின்றது.

மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உடம்பினை ‘இயந்திரம்’ என்றே சுட்டி, அதனுள் ஆன்மா உண்டு என்பதற்கு ஏதுக்கள் கூறுகின்றார். இல்லை என மறுப்பதும் ஓர் அறிவின் செயலாதல், எனது உடல் என உடைமையாக வைத்துக் கூறுதல், ஐம்பொறியும் தத்தம் புலனையே அறிய அவ்வைந்தனையும் ஒருங்கறிவது ஒன்றிருத்தல், உணர்த்த உணர்தல் முதலியன அவை. இவ்வேதுக்களின் வலிமை எங்குள்ளது? இக்காலத்துக் கணிப்பொறிகள் கற்பித்தவழிக் கற்கின்றன. ‘நான்’ என்றும் ‘எனது’ என்றும் எழுதுகின்றன. இல்லை என மறுக்கவும் செய்கின்றன. உருவும் ஒலியும் சொல்லுமாகிய பலவற்றை ஒருங்கு கொள்வனவும் உள. மெய்கண்டாரின் ஏதுக்களைப் புறத்தே காணும் குறிகளாகக் கொள்ளின், அவை பொறிக்கும் ஆன்மா உண்டு என்று சாதித்துவிடும். சைவ சித்தாந்தியர் இதனை ஒருதலையாக உடன்படார். எனவே அவ்வேதுக்கள், கேட்கும் மாணாக்கன் தன்னுள்ளே நோக்கித் தெளிதற்கு உரியன. பிறிதொன்றை அளத்தற்கு உரியன அல்ல எனக் கொள்ளுதலே பொருத்தமாகும். உணர்த்த உணர்தல் என்பதில் உணர்தலே ஐயத்திற்குரியது ஆகுமிடத்து, உணர்த்தியதற்கு எதிர்வினை உண்டு என்பது மட்டும் சான்றாகாது. சூத்திரம் தன் பணியைக் குறைவறச் செய்கின்றது. அது மேற்கொள்ளாத பணியை அதன்மேல் ஏற்றுதல் நம் குறை.

புறக்குறிகளால் அளத்தலின் இடர்ப்பாட்டினை உதயணன் வரலாறு நன்கு காட்டும். பெருங்கதையின் முற்பகுதி இன்று நமக்குக் கிட்டவில்லையாயினும் கதை யாவர்க்கும் தெரிந்ததே. யாழிசையால் யானைகளை வயப்படுத்தும் உதயணன், பிரச்சோதனன் விடுத்த எந்திர யானையினை மெய்யான யானை எனக் கருதி அகப்பட்டான். யானையின் இயல்பினை அவனினும் நன்கறிந்தார் இலர், அவனே ஏமாந்தான். 1950-இல் ஆலன் டூரிங், பொறி சிந்திக்குமோ என்னும் வினாவை விடுத்து, உரையாடலில் மனிதனிடமிருந்து அதனை வேறு பிரித்தறிய இயலுமோ என வினவுவோம் என்றார். அவ்வளவுகோலால் நோக்கின் எந்திர யானை தேறிவிட்டது. அதனுள் வீரர் மறைந்திருந்தனர். ஆதலின் அதன் அசைவுகளுக்குப் பின் உணர்வு இருந்தது என்பதும் உண்மை. ஆயின் அது யானையின் உணர்வு அன்று. மனிதர் எழுதிக் குவித்தவற்றைக் கற்று மனிதர்போல உரையாடும் பொறிகளைப்பற்றி இன்று எழும் ஐயத்தின் வடிவமும் இதுவே. நாம் கேட்கும் குரல் உள்ளே கரந்திருக்கும் மனிதர் பலரின் குரலோ, யானையின் குரலோ?

சங்கப் புலவர் இவ்வினாவை எங்ஙனம் கையாண்டனர் என்பதே இனி நோக்கற்பாலது. செய்யுளியல், ஞாயிறு, திங்கள், கடல், மரம், புள், நெஞ்சு முதலியவற்றைச் சொல்லுவன போலவும் கேட்பன போலவும் அமைத்துப் பாடலாம் என விதிக்கின்றது. போல என்னும் உவம உருபு அங்கு இன்றியமையாதது. கேட்கும் என்று ஆசிரியர் கூறவில்லை. ஆயின் நற்றிணை 172-ஆம் பாட்டு இவ்விதிக்குள் எளிதில் அடங்குவதாக இல்லை. மகளிர் விளையாட்டில் மணலுள் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்தெழ, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தனர். நும்மினும் சிறந்த உடன்பிறந்தாள் இவள் என அன்னை கூறினாள். ஆதலின் அதன் நிழலில் நும்மோடு நகைத்து விளையாட நாணுகின்றோம் என்பது தோழி கூற்று. தலைவி புன்னையோடு பேசவில்லை, அதன்முன் நாணுகின்றாள். பேச்சுக்குக் கேட்பார் இல்லாதும் இருக்கலாம். நாணுக்குக் காண்பார் ஒருவர் வேண்டும். மரபியலின்படி மரத்திற்குக் கண்ணும் செவியும் இல்லை. வரைவு கடாவுதற்குத் தோழி கண்ட சூழ்ச்சி இது எனக் கூறி அமைவாரும் உளர். சூழ்ச்சியாயினும், தலைமகன் அதனை நகையாடி ஒதுக்கமாட்டான் என்னும் நம்பிக்கை இருந்தாலன்றி அச்சூழ்ச்சி செல்லாது. அந்நம்பிக்கைக்கு அடிப்படை புன்னையின் பொறிகள் அல்ல. பாலூற்றி வளர்த்த உறவு. அறிவினை எண்ணி உறவு கொள்ளும் முறைக்கு மாறாக, உறவு பற்றி அறிவினை உடன்பட்டு ஒழுகும் முறை ஒன்று இப்பாட்டிற் காணப்படுகின்றது.

புறநானூற்றுப் புலவர் இன்னும் விழிப்புடையர். பேகன் மயிலுக்குப் படாம் ஈந்ததனைப் பாடும் பரணர், மயில் அதனை உடுக்காது, போர்த்தாது என்பதனை அறிந்தே அவன் ஈந்தான் என்கின்றார். பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததனைக் கூறும் கபிலர், முல்லை நாத்தழும்பேறப் பாடாது என்பதனையும் உடன் கூறுகின்றார். மயில் குளிரால் நடுங்கியது, முல்லை பற்றுக்கோடின்றி வருந்தியது எனக் கதை கூறுவோர் விரித்துரைப்பர். இவ்விரு பாட்டுக்களும் அவ்வுணர்ச்சிகளை அவற்றின்மேல் ஏற்றவில்லை. ஐயத்தினை வைத்துக்கொண்டே கொடை நிகழ்கின்றது. இதனை மடம் எனவும் ஒருசாரார் கூறியிருத்தல் வேண்டும். கொடைமடம் என்னும் சொல்லே அதற்குச் சான்று.

ஐயத்தோடு ஒழுகும் இம்முறைக்கு இக்காலச் சட்டத்திலும் ஓர் ஒப்புமை உண்டு. 2021-இல் இலண்டன் பொருளியற் பள்ளியினர், நண்டு, இறால், கணவாய் போன்றவை வலியை உணர்வனவோ என்பதற்கு எட்டு அளவுகோல்கள் வகுத்துச் சான்றுகளைச் சீர்தூக்கினர். துறவி நண்டு பற்றிய சோதனை முன்னரே நிகழ்ந்திருந்தது. மின்னதிர்ச்சி பட்ட நண்டு தனக்குப் பிடித்த சங்கினைவிடப் பிடியாத சங்கினை எளிதில் துறந்தது. அதிர்ச்சியும் சங்கின் அருமையும் அதனுள் ஏதோவொரு தராசில் வைத்து நிறுக்கப்பட்டன. இத்தகைய சான்றுகள் மெய்யியல் வினாவைத் தீர்த்துவிடவில்லை என்பதனை அவ்வறிக்கையினர் அறிவர். எனினும் 2022-ஆம் ஆண்டின் பிரித்தானிய விலங்குநலச் சட்டம் நண்டினத்தையும் கணவாயினத்தையும் உணர்வுடையன எனச் சேர்த்துக்கொண்டது.

நண்டிற்கு மூக்கு உண்டோ என வினவிய உரைமரபிற்கு அடுத்து எழுந்திருக்க வேண்டிய வினா, அம்மூக்கால் அறிவது யார் என்பதாகும். மரபியல் உரைகளுள் அவ்வினா எழவில்லை. கொடைமடம் என்னும் வழக்கினையும், நற்றிணை 172 போன்று அஃறிணைப் பொருளின்முன் நாணும் இரங்கலும் அஞ்சுதலும் கூறும் பாட்டுக்களையும் ஒருங்கு தொகுத்து, செய்யுளியலின் ‘போல’ என்னும் உருபு எங்கெங்குப் பொருந்தும், எங்கெங்குப் பொருந்தாது எனப் பிரித்துக் காணும் பணி எஞ்சியுள்ளது. மாணாக்கர் எவரேனும் அதனை மேற்கொள்வராயின், மரபியல் நூற்பாக்களிலிருந்து தொடங்காது அப்பாட்டுக்களிலிருந்தே தொடங்குதல் நன்று.